தட்டு காலி

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து நான் பாதி டாக்டர். மீதிப் பாதியை டாக்டர் ஷமீமா பார்த்துக்கொள்வார்.

அக்கா சுகிர்தத்துக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு மாதமாக மறதி, தள்ளாட்டம், சொன்னதையே திரும்பச் சொல்வது. வயதானவர்களை மட்டும் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று பாளையங்கோட்டையில் திறந்திருக்கிறார்கள் என்று பஹ்ரைனில் இருக்கும் அவள் மகள் பியூலா கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ஷமீமா சின்னப் பெண். ஆனால் சோதித்த விதம் பெரிய விதம். அக்காவை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். சுவர்வரை நடந்து திரும்பச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒரு தாளில் கடிகாரம் வரையச் சொன்னார். அக்கா வரைந்ததில் எல்லா எண்ணும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். இந்த ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவள் நாக்கில் இருந்தது.

"எங்க வீட்டுக் கடிகாரம் அப்படித்தான் டாக்டரம்மா, பழைய மாடல்" என்றேன்.

"அங்கிள், கேள்வி அவங்களுக்கு. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

"அவன் வாயை அடைக்க எங்கம்மாவாலயே முடியல டாக்டர்" என்றாள் அக்கா. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா அப்படியெல்லாம் பேசி ரொம்ப நாளாயிற்று.

கொண்டுபோன மாத்திரைப் பையை மேஜையில் கொட்டினார்கள். பதினொன்று. டாக்டர் ஆறைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். "வயசானவங்க உடம்புல மருந்து சீக்கிரம் வெளிய போகாது அங்கிள், தங்கிரும். கூடக்கூட மருந்தே நோயாயிரும்" என்றார். மீதி ஐந்தில் சுகர் மாத்திரை காலையில் பாதி. "இதைத்தான் ரொம்பக் கவனமா கொடுக்கணும். சாப்பிட்டாத்தான் மாத்திரை. சாப்பிடலைன்னா மாத்திரை கிடையாது. இவங்க வயசுக்கு சுகர் கொஞ்சம் கூட இருந்தாப் பரவால்ல. குறைஞ்சாத்தான் ஆபத்து."

பிறகு என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, சுகர் அளவு, விழுந்தாரா, தூக்கம் எப்படி என்று கட்டம் போட்டிருந்தது. "நான் வீட்டுக்கு வந்து பாக்க முடியாது. இந்த நோட்டை வச்சுத்தான் மருந்து எழுதுவேன். உங்க கண்ணுதான் எனக்குக் கண்ணு." என்னைப் போல ஓர் ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். வாயால் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் பியூலா போனில் வந்தாள். ஆகஸ்டில் லீவு. நாகர்கோவிலில் ஒரு முதியோர் காப்பகத்தில் சொல்லிவைத்திருக்கிறாளாம். "நான் வந்து நோட்டைப் பாக்கேன் மாமா. அம்மா நல்லா இருந்தா வீட்லயே இருக்கட்டும். இல்லைன்னா நாகர்கோவில்தான். உங்களுக்கே அறுபத்தொம்பது ஆச்சு."

அறுபத்தொன்பதுதான். ஆனால் பார்த்தவர்கள் ஐம்பத்தைந்து சொல்வார்கள். பள்ளிக்கூட விடுதியில் முந்நூறு பையன்களுக்குத் தலைமைச் சமையல்காரனாக இருந்தவன் நான். ஓர் அக்காவுக்குச் சோறு போடத் தெரியாதா?

அது டாக்டர் நோட்டு. இது என் நோட்டு. எட்டாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்தை வாத்தியார்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

டாக்டர் நோட்டில் முதல் பக்கம் முத்து முத்தாக விழுந்திருக்கிறது. காலை: மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, மிளகாய்ப்பொடி. தட்டு காலி.

அக்கா ஒன்றரை சாப்பிட்டாள். மீதியை நான் சாப்பிட்டேன். அன்னம் குப்பைக்குப் போகலாகாது. ஆக, தட்டு காலி என்பது சத்தியம்.

ஜூன் 6, வியாழன்

சுகர் மெஷினை இன்று கையாண்டேன். வாரம் இரண்டு தடவை, காலையில் வெறும் வயிற்றில். செய்முறை எனக்கு ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிட்டது. ரத்தம் தொடுகிற ஸ்ட்ரிப்பில் மூன்று வீணானது மெஷினின் கோளாறு.

அக்கா விரலில் குத்தியதும் கையை இழுத்துக்கொண்டாள். "ஏல, நான் உன்னை என்னல செஞ்சேன்?" என்று கேட்டாள். கண்ணில் நீர். விரலைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். அந்த விரல்கள் இப்போது வாடிய முருங்கைப் பிஞ்சு போல இருக்கின்றன. மறுபடி குத்த என்னால் முடியவில்லை.

நன்றாக யோசித்தேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரு கூரை, ஒரு பானைச் சோறு, ஏன், ஒரே தட்டு. அளவு எங்கே மாறப் போகிறது? என் விரலில் குத்தினேன். 164. எழுதிவிட்டேன். என்னைப் போல யாரும் இவ்வளவு சுருக்கில் ஒரு வழி கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அக்காவுக்கு வலியும் இல்லை, டாக்டருக்கு எண்ணும் ஆயிற்று.

ஜூன் 15, சனி

நோட்டு அழகாக நிறைகிறது. அக்கா தூங்குகிறாள்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, நீங்க எத்தன வருசமா அக்கா வீட்ல இருக்கிய?" என்று கேட்டாள்.

"நான் அக்கா வீட்ல இல்லம்மா. அக்காவை நான் பாத்துக்கிடுதேன்" என்று திருத்தினேன்.

முப்பத்தொரு வருடம். விடுதியில் ஒரு சின்ன மனஸ்தாபம். நான் வேலையை உதறிவிட்டு டிரங்குப் பெட்டியோடு இந்த வாசலில் வந்து நின்றேன். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தலைப்பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "வேலையை விட்டுட்டியா, விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள், "சரி, பெட்டியை உள்ள வை. சோறு இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை.

பேச்சுவாக்கில் தலைமைச் சமையல்காரன் என்று நான் சொன்னால் மட்டும், "வெங்காயம் உரிச்சவன்தானல நீ?" என்பாள். அது பாசம்.

ஜூன் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. வெற்றி.

போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் அக்காவுக்குச் சீனி போட்ட டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டாள். இனிப்பென்றால் வாயைத் திறக்கிறாள். இட்லிக்குத்தான் பூட்டு.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க அங்கிள். மூணு வேளையும் தட்டு காலி. நிஜமாவே இவ்வளவு சாப்பிடறாங்களா?"

"என் கைப்பக்குவம் அப்படி டாக்டரம்மா."

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் தோளைத் தட்டி, "யக்கா, தண்ணி வேணுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். சொல்ல வந்தது மறந்துவிட்டது.

எடை பார்த்தார்கள். நாற்பத்து நான்கு இருந்தவள் நாற்பத்து ஒன்றரை. டாக்டருக்கு நெற்றி சுருங்கியது. நோட்டில் நான் எழுதிய அளவுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். 164, 171, 178, 182, 186. அங்கேயே அக்கா விரலில் ஒரு தடவை குத்திப் பார்த்தார்கள். 198. என் நோட்டுக்கு அவர்கள் மெஷினே சாட்சி.

"நல்லா சாப்பிட்டும் எடை குறையுது, சுகரும் ஏறிக்கிட்டே போகுது. அப்ப மாத்திரை பத்தல" என்றார். ரத்தமும் எடுத்துக்கொண்டார், வேறு எதற்கோ. காலையில் பாதியாக இருந்த சுகர் மாத்திரை இனி முழுசு. "சாப்பாடு குறைஞ்சா அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும். மறந்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்.

பியூலாவுக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர் மாமா" என்று பதில் வந்தது. கை கூப்பிய படம் மூன்று.

ஜூன் 30, ஞாயிறு

மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இந்த விஷயத்தில் ராணுவம் தோற்றுப்போகும்.

ஜூலை 5, வெள்ளி

பதினொரு மணிக்கு அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. ரவிக்கை தொப்பலாக நனைந்துவிட்டது. மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. சுவரைப் பார்த்து, "லைன்ல இருங்க, இணைக்கேன்" என்றாள். நான், "திருச்செந்தூருக்கு ஒரு கால் வேணும்மா" என்றேன், அவள் மனசு சந்தோஷப்படட்டும் என்று. என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ அந்நியனைப் பார்க்கிற பார்வை. "கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள்.

இசக்கியம்மாள் உள்ளே வந்து பார்த்தாள். "எங்க மாமியாருக்கும் இப்படித்தான் அண்ணாச்சி வேர்க்கும். ஒரு வாய் சீனித்தண்ணி குடுத்தா அடங்கிரும். குடுத்துப் பாருங்களேன்."

"சுகர்காரிக்குச் சீனியா? என்னம்மா படிச்சிருக்க நீ?"

"ஒண்ணும் படிக்கல. மாமியாரைப் பாத்திருக்கேன்."

அவளுக்குப் பதமாக எடுத்துச் சொல்லி அனுப்பினேன். படிப்பில்லாதவர்களிடம் கோபப்படக் கூடாது. மதியம் அக்கா இரண்டு வாய் தயிர்ச்சோறு சாப்பிட்டதும் வேர்வை அடங்கியது. காரணம் நான் நெற்றியில் பற்று போட்ட சுக்கு.

ஜூலை 9, செவ்வாய்

காலை: ஆப்பம் மூன்று, சொதி. தட்டு காலி. அளவு 194.

என் பேன்ட் இடுப்பில் பொத்தான் போட முடியவில்லை. சலவையில் சுருங்கிவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

எங்கள் சர்ச்சில் அசனம், வருடாந்தர சபை விருந்து. ஆயிரம் பேருக்குச் சோறும் மட்டன் குழம்பும். உப்பு பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதாவது, நான் பக்கத்தில் நின்றேன். சாப்பாட்டைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே எனக்கென்று ஒரு டம்ளர் பாயசம். காலையிலிருந்து அக்கா ஒன்றும் தொடவில்லை. கட்டிலில் சுருண்டு கிடந்தாள். நான் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது அவள் கை நீண்டது. பிடுங்கிக்கொண்டாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அரை மணி நேரம் இருக்கும். எழுந்து உட்கார்ந்தாள். "ஏல ஆசீரு, உன் சட்டையில ரெண்டாவது பொத்தான் எங்க?" என்றாள்.

பெயர் சொன்னாள். மூன்று வாரமாக என் பெயரை அவள் சொல்லவில்லை.

ஊசி கேட்டாள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். சட்டையைக் கழற்றவிடாமல், என்னைக் கிட்டத்தில் உட்காரவைத்துப் பொத்தான் தைத்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடிக்கும்போது அவள் நெற்றி என் நெஞ்சில் பட்டது.

"ஏன்ல இப்படி ஊதிப்போய்ட்ட?"

"சந்தோஷம்க்கா."

"என் தட்டுல உள்ளதயும் நீதான திங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்."

"நீ வச்சுட்டுப் போற. நான் என்ன செய்ய?"

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"எல்லாம் சொல்லியாச்சு. நீ கவலப்படாத."

"பியூலா என்ன நாகர்கோவிலுக்கு அனுப்பப் போறாளா?"

தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. போனில் பேசும்போது கேட்டிருப்பாள். அவள் காது எக்ஸ்சேஞ்ச் காது.

"நான் இருக்கும்போது யாரு அனுப்புவா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனா நீ எங்கல போவ?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். அத்தானைப் பற்றி, அம்மாவைப் பற்றி. பிறகு களைத்துப் படுத்துவிட்டாள். குருவானவர் அசனத்தில் வியாதியஸ்தருக்காக ஜெபித்தார், அதன் பலன் என்றுதான் நினைக்கிறேன். பாயசத்தை டாக்டர் நோட்டில் எழுதவில்லை. சுகர்காரிக்கு இனிப்புக் கொடுத்தேன் என்று என்னைத்தான் குறை சொல்வார்கள்.

ஜூலை 20, சனி

அக்கா குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டாள். நெற்றி கதவில் பட்டது. "விழுந்தாரா?" என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். விழுவது வேறு, உட்கார்வது வேறு.

ஜூலை 22, திங்கள்

இன்று ஆஸ்பத்திரி போக வேண்டிய நாள். அக்காவின் நெற்றி நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. ஜலதோஷம், அடுத்த வாரம் வருகிறோம் என்று போனில் சொன்னேன். "சாப்பிடறாங்களா?" என்று கேட்கச் சொன்னாராம் டாக்டர். "தட்டு காலி" என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

இரண்டு வாய் கஞ்சி. அவ்வளவுதான். டாக்டர் நோட்டில்: கஞ்சி ஒரு கிண்ணம், துவையல், மதியம் கூட்டாஞ்சோறு. பியூலா வர இன்னும் பத்து நாள். அதற்குள் தேற்றிவிடுவேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் திடீரென்று நடந்தது.

நேற்றுக் காலை வழக்கம்போல மாத்திரை கொடுத்தேன். வழக்கம்போல ஆப்பம். தட்டு காலி. அளவு 188. வழக்கம்போல ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு மார்க்கெட் போனேன். நல்ல சாளை மீன் வந்திருந்தது. டீக்கடையில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அக்காவை எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டார்கள், சொன்னேன். அவர்களாகக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு.

கட்டிலில் கிடந்தாள். குறட்டை போல ஒரு சத்தம். மெத்தை முழுக்க ஈரம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். இசக்கியம்மாள் ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். மடியில் அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். மீன் பையை ஏன் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன்தான் அதை வாங்கிக்கொண்டார்.

சுகர் 24 என்றார்கள். நான் 124 என்றுதான் கேட்டுக்கொண்டேன். மறுபடி கேட்டேன். வெறும் 24.

ஊசியில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். அளவு ஏறிவிட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

டாக்டர் ஷமீமா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நோட்டையும் சுகர் மெஷினையும் கொண்டுவரச் சொன்னார்.

"திங்கக்கிழமை காலை 188 எழுதியிருக்கீங்க. மூணு ஆப்பம் சாப்பிட்டிருக்காங்க. மத்தியானம் 24. எப்படி அங்கிள் இது?"

"மெஷின் பழுது போல டாக்டரம்மா."

அவர் எழுந்து கை கழுவினார். எங்கள் மெஷினில் தன் விரலில் குத்திப் பார்த்தார். 96. ஆஸ்பத்திரி மெஷினில் குத்தினார். 98. இரண்டையும் என் முன்னால் வைத்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

மெஷினை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன்.

"உங்க கையைக் காட்டுங்க அங்கிள்."

மேஜை மேல் வைத்தேன். திருப்பச் சொன்னார். பத்து விரல் நுனியிலும் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி. ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது கை நடுவிரலைப் பிடித்து மெதுவாகக் குத்தினார். 231.

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "நான் உங்களுக்கு வைத்தியம் பாத்திருக்கேன்" என்றார். "மருந்தை அவங்களுக்குக் கொடுத்திருக்கேன்."

பிறகு சொன்னார். சர்க்கரை ரொம்ப நேரம் கீழே இருந்திருக்கிறது. மூளை தாங்கவில்லை. கண் திறக்கலாம், ஆள் தெரிவது சந்தேகம், மூக்குக் குழாயில்தான் சாப்பாடு. வேர்வை, உளறல், தள்ளாட்டம் எல்லாம் முன்னாலேயே வந்திருக்கும், பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"பியூலாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லுதேன்."

எனக்கும் மாத்திரை எழுதித் தந்தார்கள். அக்காவுக்கு எழுதிய அதே மாத்திரை.

ஆகஸ்ட் 3, சனி

பியூலா வந்துவிட்டாள். விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரி. அக்கா கண் திறந்திருக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள், பியூலாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். மூன்றும் ஒன்றுதான்.

பியூலா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் நோட்டை முதலிலிருந்து படித்தாள். அழுதுகொண்டே படித்தாள். "சொதி, கூட்டாஞ்சோறு, ரெண்டு வகை சட்னி... இவ்வளவு செஞ்சிருக்கீங்களே மாமா. நான் அவங்க பெத்த பிள்ளைன்னு பேருதான்." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாகர்கோவில் வேண்டாம் மாமா. வீட்டுக்கே கொண்டுபோவோம். குழாய்ல ஊத்துறத நர்ஸ்ட்ட பழகிக்கோங்க. உங்கள விட யாரு பாப்பா?"

இரண்டு மாதமாக எதற்காக எழுதினேனோ, அது கிடைத்துவிட்டது.

ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

குழாயில் கஞ்சி ஊற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். "நல்லா செய்யுதீங்க தாத்தா" என்றார். பியூலா படம் எடுத்துத் தன் வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். இன்றும் சொல்லவில்லை. டாக்டர் வராந்தாவில் எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், பியூலாவைப் பார்த்தார், போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பியூலா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பியூலா, அந்த நோட்டுல உள்ளது உங்க அம்மா சாப்பிட்டது இல்ல, நான் சாப்பிட்டது" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "சுகர் அளவும் என்னோடது. உங்க அம்மா விரலக் குத்த எனக்கு மனசு வரல. என் விரலக் குத்தி எழுதினேன். அதப் பாத்துத்தான் டாக்டர் மாத்திரையக் கூட்டினாங்க. அவங்க மேல குத்தமில்ல. உங்க அம்மா ஒரு மாசமா ரெண்டு வாய், மூணு வாய்தான் சாப்பிட்டா. விழுந்தா. நான் விழலன்னு எழுதினேன். மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விடாம குடுத்தேன்."

வேறு எப்படியாவது சொல்ல முடியுமா என்று வாய் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று பியூலா கேட்பாள், நாகர்கோவிலைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அன்னைக்குக் காலையில அம்மா ஏதாவது சொன்னாங்களா மாமா?"

அன்று அக்கா ஏதோ பேசிக்கொண்டிருந்தாள் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். இதில்கூட நான் உள்ளதை எழுதவில்லை. இல்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று பியூலாவிடம் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அக்கா இனிச் சொல்லப்போவதில்லை.

"சொன்னா" என்றேன். "ஆப்பத்தத் தள்ளி விட்டுட்டு, 'ஒரு வாய் சீனி தால'ன்னு கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. கை நடுங்குச்சு அவளுக்கு. 'சீனி உனக்கு விஷம்க்கா'ன்னு சொல்லி, டப்பாவ எடுத்துப் பரண் மேல வச்சுட்டு மார்க்கெட்டுக்குப் போய்ட்டேன்."

பியூலா எழுந்து உள்ளே போனாள். வெறுங்காலோடு போனாள். செருப்பு பெஞ்சடியிலேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் வார்டு வாசலில் வைத்துவிட்டு, வெளியே நின்றேன். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. அக்காவின் சத்தம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நர்ஸ் வந்து, வெள்ளிக்கிழமை காலை அக்காவை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று என்றார். பேஷண்டோடு ஒருவர்தான் வண்டியில் போகலாமாம். யார் பெயரை எழுத என்று கேட்டார்.

பியூலா என்று எழுதச் சொன்னேன்.